கன்னியம்மாள் துப்பாக்கியின் நம்பர்

நகைக்கடை வாசலில் ஒரு பெண் துப்பாக்கியோடு நின்றால் பார்க்கிறவர்களுக்கு ஏனோ சிரிப்பு வந்துவிடுகிறது. தாலி வாங்க வருகிறவர்கள்கூட ஒரு நிமிடம் நின்று, சுடத் தெரியுமா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். திருடிட்டு ஓடிப் பாருங்க, தெரியும் என்பார் கன்னியம்மாள் அக்கா. நான் தீபலட்சுமி, அதே கடையில் பில் போடுகிறவள். போன தேர்தலுக்குப் பிறகு அக்கா போலீஸ் ஸ்டேஷனில் சண்டை போட்டதை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். திமிர் பிடித்தவளாம். திமிர்தான், யார் இல்லையென்றது? ஆனால் எதற்காக அந்தத் திமிர் என்பதை ஒருவரும் சொல்வதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

அக்காவின் அப்பா முருகையனுக்கு மூலக்குளத்தில் நிலம் இருந்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போட்டால் பன்றியும் நரியும் வந்து கொல்லையைக் கலைத்துவிடும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ஒரு சொல்தா குடும்பத்தோடு பிரான்சுக்குப் போனபோது, தன் இரட்டைக்குழல் துப்பாக்கியை முறைப்படி அவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா செத்ததும் அண்ணன்கள் இரண்டு பேரும் நிலத்தைப் பிரித்து மனை போட்டு விற்றார்கள். துப்பாக்கியை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. லைசென்சைப் புதுப்பிக்க அலைய வேண்டும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், அது முடிந்ததும் போய் மீட்க வேண்டும். யாருக்கு வேண்டும் அந்தத் தலைவலி? அப்படித்தான் அது அக்காவிடம் வந்து சேர்ந்தது.

அக்கா வேலை பார்த்த மில்லை மூடியதும் இந்தத் தலைவலிதான் அக்காவுக்குச் சோறு போட்டது. காவல் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தத் துப்பாக்கியும் லைசென்சும் கொண்டு வருகிறவருக்குத்தான் வேலை. கடை துப்பாக்கி வாங்கித் தராது. ஆளைப் பார்த்தா வேலை கொடுக்கிறார்கள்? துப்பாக்கியைப் பார்த்துக் கொடுக்கிறார்கள், ஆள் இலவச இணைப்பு. எங்கள் முதலாளியும் அந்த ரகம்தான். அக்கா இத்தனை வருடமாக அந்த வாசலைக் காத்தார், ஒரு தோட்டாவும் செலவாகவில்லை.

போன தேர்தலுக்கும் வழக்கம்போல ஒப்படைத்தார். அதில் அவருக்கென்று ஒரு பழக்கம். குழலுக்கு அடியில் இடதுகை பிடிப்பதற்கென்று ஒரு சின்ன மரக்கட்டை இருக்கும், தனியாகக் கழன்று வரும். முன்னொரு தேர்தலில் அது விரிசல் விட்டுத் திரும்பி வந்ததிலிருந்து கட்டையைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு மீதியை மட்டும் கொடுப்பார். ஸ்டேஷனில் யாரும் அதைக் கண்டுகொண்டதில்லை.

தேர்தல் முடிந்தது. துணைக்கு நானும் போனேன். லைசென்சில் நம்பர் 1665. கான்ஸ்டபிள் உள்ளே போய் ஒரு துப்பாக்கியை எடுத்து வந்து, அதில் 1665 என்று பொறித்திருந்ததைக் காட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அக்கா பேனாவைத் தொடவில்லை. அவருடையதில் இரண்டு பக்கமும் காடை செதுக்கியிருக்கும். இதில் காடையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு விசை வேறு உடைந்து தொங்கியது. நான் கட்டை இல்லாமல் கொடுத்தேனே, இதில் கட்டை இருக்கிறதே என்றார். கூடுதலாகக் கிடைத்தால் எடுத்துக்கொண்டு போங்களேன் என்றார் கான்ஸ்டபிள். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா பார்த்த பார்வையில் அது போய்விட்டது.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. அன்பழகன் என்று ஒருவர், கடற்கரைப் பக்கம் பழைய பிரெஞ்சு வீடு ஒன்றை விருந்தினர் விடுதியாக நடத்துகிறார். அவரிடமும் ஒரு துப்பாக்கி, அவர் லைசென்சிலும் 1665. அவருடைய டிரைவர் முந்தின வாரமே வந்து நம்பரைக் காட்டி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போயிருந்தார். போனில் கேட்டதற்கு அன்பழகன் மசியவில்லை. பேப்பரில் 1665, சுவரில் மாட்டியிருப்பதிலும் 1665, அப்புறம் என்ன என்றார். இந்தக் காடை வேலைப்பாடு விருந்தினருக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். வருகிறவர்களிடமெல்லாம் 1665-ஆம் வருடத்துத் துப்பாக்கி என்று சொல்லிக்கொண்டிருந்தார் மனிதர். அந்த வருடத்தில் பிரெஞ்சுக்காரனே இந்த ஊரில் கால் வைக்கவில்லை!

பழைய துப்பாக்கி சேகரிக்கிறவர்கள் பேசிக்கொள்ளும் ஒரு இணையப் பக்கத்தை அன்று மதியம் போனில் பிடித்தேன். ஸ்டேஷன் துப்பாக்கியைப் படம் எடுத்துப் போட்டுக் கேட்டேன். பதில் வந்தபோது பில் கவுன்டரிலேயே தலையில் அடித்துக்கொண்டேன். அது நம்பரே இல்லை. பதினாறு என்பது குழலின் அளவு. அறுபத்தைந்து என்பது தோட்டா உட்காரும் இடத்தின் நீளம், மில்லிமீட்டரில். அந்த அளவில் பிரான்சில் செய்த துப்பாக்கிகளில் சகஜமாகப் பார்க்கலாமாம். எந்தக் காலத்திலோ ஒரு குமாஸ்தா கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்ததை நம்பர் என்று எழுதி வைத்தார். பின்னால் வந்தவர்களெல்லாம் அதையே ஈயடித்தார்கள். செருப்பின் சைஸை ஆளின் பெயர் என்று எழுதியது போல.

உண்மையான வரிசை எண் மரக்கட்டைக்கு அடியில் ஒளிந்திருக்கும், கட்டையைக் கழற்றினால் குழலில் தெரியும், கட்டையின் உள் இரும்பிலும் அதே எண்ணைக் குத்தியிருப்பார்கள் என்று எழுதியிருந்தார்கள். நான் முழுதாகப் படித்து முடிப்பதற்குள் அக்கா பஸ் ஏறிவிட்டார். மூலக்குளம் வீட்டு அரிசி டிரம்முக்குள் இருந்து கட்டையை எடுத்து, தேங்காயெண்ணெய் விட்டுத் துடைத்துப் பார்த்தால், 20947. துப்பாக்கியைச் செய்த கம்பெனி அந்த எண்ணுக்கு வந்தபோது முதல் உலகப்போர் முடிந்திருக்கும் என்று அந்தப் பக்கத்தில் ஒருவர் கணக்குச் சொன்னார். ஆக, நூறு வயதை ஒட்டிய சரக்கு. அன்பழகனின் 1665-ஆம் வருடத்துக் கதை இரண்டரை நூற்றாண்டு தள்ளிப் போய்விட்டது, பாவம்.

மறுநாள் கட்டையோடு போய் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தார் அக்கா. எஸ்.ஐ. நெடுமாறன் முதலில் வேலையிருக்கிறது என்றார், அப்புறம் நாளைக்கு வாங்க என்றார். அக்கா எழுந்திருக்கவே இல்லை. மத்தியானத்துக்கு மேல், தொல்லை விட்டால் போதும் என்று அன்பழகனைத் துப்பாக்கியோடு வரவழைத்தார். குழலைத் திருப்பிப் பார்த்தார்கள். 20947. அக்கா கட்டையை வைத்து அழுத்தினார், டக்கென்று உட்கார்ந்தது. விசை உடைந்த துப்பாக்கியின் கட்டையைக் கழற்றினால் அதற்கு அடியில் வேறு எண். அன்பழகன் அந்த உடைந்த துப்பாக்கியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்தது என்று நான் கைப்பையை எடுத்தேன். நெடுமாறனும் நல்லவிதமாகத்தான் சொன்னார். மாறியதை மாற்றிக்கொண்டு போங்கள், இதற்கெல்லாம் எழுத்து வேண்டாம், லைசென்சில் 1665 அப்படியே இருக்கட்டும். அக்கா கேட்கவில்லை. சரியான நம்பரை எழுதி, திருத்தம் செய்ய மேலே அனுப்ப வேண்டும் என்றார். அடுத்த தேர்தலில் இதே கூத்துக்கு வேறு ஒருத்தி வந்து உட்கார வேண்டுமா என்று கேட்டார். அப்போதுதான் நெடுமாறனின் குரல் மாறியது.

"இந்தாம்மா, புரிஞ்சிதான் பேசுறியா? இந்த நம்பரு ஒன் லைசென்ஸ்ல இல்ல. நான் எழுதினா, நீ இத்தன வருஷமா லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வச்சிருந்தேன்னு ஆவும். உள்ள போவணும்."

போகலாம் அக்கா, துப்பாக்கிதான் கைக்கு வந்துவிட்டதே என்று புடவையைப் பிடித்து இழுத்தேன். துப்பாக்கி இல்லாவிட்டால் வேலை இல்லை. கேஸ் என்று வந்தால் துப்பாக்கியும் போகும், வேலையும் போகும், மானமும் போகும். அக்கா என் கையை எடுத்துவிட்டார். குரல் உயரவே இல்லை.

"எழுதிக்குங்க சார். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிய ஒவ்வொரு தேர்தலுக்கும் வாங்கி உள்ள வச்சிக்கிட்டு, ரசீது போட்டு திருப்பிக் குடுத்தது யாருன்னும் அதுலியே எழுதிக்குங்க. நான் கையெழுத்து போடுறேன். நீங்களும் போடுங்க."

நெடுமாறன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, 20947 என்பதை அக்கா சொல்லச் சொல்ல எழுதினார். கேஸ் என்று எழுதவில்லை, எழுத்துப்பிழைத் திருத்தம் என்று எழுதினார். சரியான நம்பர் ஏறும்வரை துப்பாக்கி ஸ்டேஷனிலேயே இருக்கும் என்றார். இருக்கட்டும் என்றுவிட்டு அக்கா கட்டையை மட்டும் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கைக்கு வந்ததை யாராவது விடுவார்களா? பஸ்சில் அக்கா சுண்டல் வாங்கி நீட்டினார், நான் தொடவில்லை.

துப்பாக்கி இல்லாத ஆளுக்கு இங்கே என்ன வேலை என்று முதலாளி அந்த வாரமே கணக்கைத் தீர்த்துவிட்டார். அக்கா உழவர்கரையில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவினார். கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். நான் போன் செய்து இப்ப சந்தோஷமா என்று கேட்டால், ரொம்ப என்பார். தீபாவளி வியாபாரம் தொடங்கிய நாளில் திருத்தம் வந்தது. அன்று மாலையே காடைத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, புது லைசென்சோடு கடை வாசலுக்கு வந்து நின்றார்.

அங்கே வேறொருவர் நின்றிருந்தார். மதிவாணன் என்று பெயர், ரிட்டையரான ராணுவக்காரர், அவரும் பழைய இரட்டைக்குழல்தான் வைத்திருந்தார். முதலாளி உள்ளேயிருந்தே கையை விரித்தார், ஆள் போட்டாகிவிட்டது என்று. நான் பில் கவுன்டரிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தேன். அக்கா முதலாளியைப் பார்க்கவே இல்லை. மதிவாணனிடம் லைசென்சைக் காட்டச் சொன்னார். அவரும் சரி என்று நீட்டினார். துப்பாக்கி நம்பர் 1270.

அக்கா அவர் துப்பாக்கியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பன்னிரண்டு குழல் அளவு, எழுபது தோட்டா நீளம். குழலில் அப்படியே குத்தியிருந்தது. கட்டையைக் கழற்றி அடியில் இருந்த எண்ணைக் காட்டி எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னார். அந்த மனிதரின் முகம் செத்துவிட்டது. லைசென்சில் நம்பர் தப்பென்றால் ஆளை நிறுத்த முடியாதே என்று முதலாளி எழுந்து வந்தார். வாசலில் கூட்டம். உள்ளே அத்தனை நகை. வேறு வழியில்லாமல், சரி நீயே நில்லும்மா என்றார், அவரை அனுப்பிவிடுகிறேன் என்றார்.

அக்கா மதிவாணனின் கையைப் பிடித்துப் படியிறங்கினார்.

"இவர அனுப்புறதுக்கா நான் வந்தேன்? நெடுமாறன் சாரு இருப்பாரு, இவரு நம்பரயும் எழுதி வாங்கிக் குடுத்துட்டு வரேன். இவருக்குத் திருத்தம் வர்ற வரைக்கும் வாசலுக்கு என் துப்பாக்கி ஒண்ணு போதும். நான் திரும்பி வரும்போது வாசல்ல ரெண்டு பேருக்கும் நாற்காலி போட்டிருக்கணும்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பில் புத்தகத்தை மூடிவிட்டு, நாற்காலி எடுக்க உள்ளே போனேன்.