சூடு ஆறாத கோட்டு

போர் அருங்காட்சியகத்தின் பின்கட்டில் பழைய சீருடைகளுக்குத் தையல் போடுவதுதான் அவள் வேலை. கிழிசலை மறைக்கக் கூடாது, மேலும் கிழியாமல் நிறுத்தினால் போதும். குண்டு துளைத்த ஓட்டைகளைத் தொடவே கூடாது. அவளும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஊசி பிடித்துவந்தாள். அவளுடைய அண்ணன் அந்தச் சீருடைகள் வந்த அதே போருக்குப் போனவன். உடல்கூட வீடு வந்து சேரவில்லை. அண்ணி மறுமணத்துக்குத் தலையாட்டாமல் இவளோடே தங்கிவிட்டாள்.

ஒருநாள் எதிரிப் படையின் கம்பளிக் கோட்டு ஒன்று மேசைக்கு வந்தது. உள்துணியின் தையல் அக்குள் பக்கம் விட்டுப்போயிருந்தது. வேண்டாவெறுப்பாகக் கையை உள்ளே விட்டவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். இப்போதுதான் யாரோ கழற்றிப் போட்டதுபோல் கதகதப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்குமோ என்றால், அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

மறுநாளும் அப்படியே. அதிகாரியிடம் சொன்னாள். பேயோட்டத் தனியாக ஆள் போட முடியாது என்று கிண்டலடித்தபடியே அவர் வந்து கோட்டுக்குள் கையை நுழைத்தார். சிரிப்பு அப்படியே அடங்கிப்போயிற்று.

"சீக்கிரம் முடிச்சுடுங்கம்மா. கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பூட்டிடலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் சாப்பிடும்போது அண்ணியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அண்ணி தட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"என்னை ஒருதடவை கூட்டிட்டுப் போ."

"அது அவங்க ஆளோட கோட்டு, அண்ணி. அண்ணனோடது இல்ல."

"தெரியும். கூட்டிட்டுப் போ."

காலையில் போனார்கள். மேசைமேல் கிடந்த கோட்டின் கைக்குள் தோள்பக்கமாக அண்ணி தன் வலது கையை நுழைத்தாள். முழங்கை வரை போனதும் அசையாமல் நின்றாள். முகம் வெளுத்தது. யாரோ கையைப் பிடித்திருப்பதாக மெல்லச் சொன்னாள். இவள் கோட்டுக் கையின் மறுமுனையைப் பார்த்தாள். அது தட்டையாக, காலியாகத்தான் கிடந்தது. பதறிப்போய் அண்ணியை இழுக்கப் போனாள்.

"விடு. சின்ன வயசுக் கை. நடுங்குது."

நெடுநேரம் கழித்து அண்ணி கையை வெளியே எடுத்தபோது கோட்டு சில்லிட்டுப் போயிருந்தது. அது அப்புறம் சுடவே இல்லை.

அண்ணியின் வலது கைதான் சுட்டது. உடம்பில் காய்ச்சல் இல்லை. அந்தக் கை மட்டும் எந்நேரமும் கொதித்தது. மருத்துவர்களுக்குப் பிடிபடவில்லை. அண்ணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. தூங்கும்போது மட்டும் எதையோ பற்றியிருப்பவள்போல் விரல்களை மூடிக்கொள்வாள்.

சில வருடங்களில் அண்ணி இறந்தாள். உடம்பெல்லாம் குளிர்ந்தும் அந்தக் கை ஆறவில்லை. மூடியிருந்த விரல்களைப் பிரித்து நேராக்கப் போன இவள், ஏனோ மனம் வராமல் அப்படியே விட்டுவிட்டாள்.