ஓரம் தேய்ந்த அட்டை

எங்கள் மலையூரான ரிங்லெட்டின் கடைத்தெருவில் போட்டோஸ்டேட் எடுத்துக் கொடுக்கும் அந்த அக்காவின் பெயரை நான் கேட்டதே இல்லை. குளிருக்கு ஆண்கள் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டு கட்டியிருப்பார். யார் எந்தத் தாளை நீட்டினாலும் அவர் பார்வை மட்டும் வெளியே நிற்கும் காய்கறி லாரிகளின் மேல்தான் இருக்கும்.

அண்ணன் இறந்த பிறகு, அவர் பேரில் இருந்த வீட்டுக்காகக் கோர்ட்டில் மனுப் போட வேண்டியிருந்தது. மரணச் சான்றிதழைக் கொடுத்து நான்கு நகல் கேட்டேன். அண்ணன் எப்படி இறந்தார் என்பதும் அதில் ஒரு வரியாக இருந்தது. தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாரிடமும் ஹார்ட் அட்டாக் என்றுதான் சொல்லியிருந்தோம்.

"கோர்ட்டுக்கு எத்தனை தம்பி, மத்த எடத்துக்கு எத்தனை?" என்றார் அக்கா.

"கோர்ட்டுக்கு ரெண்டு. மத்தது தோட்டத்து ஆபீஸுக்கும் கோயில் கமிட்டிக்கும். ஏன்க்கா?"

"கோர்ட்டுல முழுசா கேப்பாங்க. மத்தவங்களுக்கு ஆள் செத்தது தெரிஞ்சா போதும் லா."

இரண்டு நகல்கள் முழுதாக வந்தன. பிறகு மேசை இழுப்பறையிலிருந்து விரலகல அட்டைத் துண்டு ஒன்றை எடுத்தார். லாரிகளைப் பார்த்தபடியே அதைச் சரியாக அந்த வரியின் மேல் வைத்துத் தாளைக் கவிழ்த்தார். மற்ற இரண்டிலும் அந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்தது.

அவர் அதைப் படித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அட்டையைத் திரும்ப உள்ளே வைக்கும்போதுதான் கவனித்தேன். அதன் ஓரங்கள் நார்நாராகத் தேய்ந்திருந்தன. இந்த மலையில் இன்னும் எத்தனை வீடுகளில் ஹார்ட் அட்டாக் என்று சொல்லியிருக்கிறார்களோ.