ஒரு கைக்கு அளவெடுத்த ஆட்டம்

வீடியோ கேமில் பள்ளம் தோண்டுவது என் தொழில். விழுந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஓடினால் பள்ளம் சரியாக அமைந்திருக்கிறது. கன்ட்ரோலரைக் கட்டிலில் எறிந்துவிட்டு எழுந்து போனால் தோண்டியவள் மேல் தப்பு.

இதற்கு முன்னால் பல வருடம் ஒரு வார இதழில் சிறுவர் பக்கம் பார்த்தேன். எலிக்கு வழி காட்டுங்கள், புள்ளிகளை இணையுங்கள், வித்தியாசம் கண்டுபிடியுங்கள் எல்லாம் நான் போட்டவை. இதழ் நின்றுபோனது. முதலிபாளையத்தில் பனியன் கம்பெனி நடத்தும் நாச்சிமுத்து, டி.வி.யில் கன்சோலை மாட்டி ஆடுகிற கேம் ஒன்று தயாரிக்கப் போவதாகச் சொல்லி என்னை அழைத்தார். ஒரு வெள்ளாட்டுக் குட்டி தென்னை மட்டைகளிலும் காற்றாலை இறக்கைகளிலும் தாவித் தாவி மேலே ஏறுகிற ஆட்டம். குட்டி எங்கே, எவ்வளவு தூரம் தாவ வேண்டும் என்று வரைந்து கொடுப்பது நான். அதைக் கம்ப்யூட்டரில் ஓட வைப்பது தூத்துக்குடிக்காரன் அந்தோணி. முதலாளி சொன்னபடி ஒன்றைச் செய்து, அதே முதலாளி சொன்னதற்காக அதைப் பிரித்துப் போட்ட அனுபவம் உங்களுக்கு இருந்தால், கீழே வருவது எதுவும் புதிதாக இருக்காது.

ஃபிட் சாம்பிள்

எங்கள் அறை தையல் ஹாலுக்கு நேர் மேலே இருந்தது. கீழே மெஷின்கள் ஓடும்போது மேஜையில் வைத்த டீயில் வளையம் வளையமாக அலை வரும். நாச்சிமுத்து கேமையும் ஓர் ஏற்றுமதி ஆர்டராகத்தான் பார்த்தார். நான் வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே, "ஃபிட் சாம்பிள் எப்பங்க ரெடியாகும்?" என்று கேட்டார். அவர்கள் தொழிலில், துணியை மொத்தமாக வெட்டுவதற்கு முன்னால் ஒரே ஓர் உருப்படி தைத்து ஓர் ஆளுக்குப் போட்டுப் பார்ப்பார்கள். அக்குள் பிடிக்கிறதா, கழுத்து இறங்குகிறதா என்று அந்த உடம்பில் பார்த்துத் திருத்துவார்கள். மற்ற அளவுகள் எல்லாம் அதிலிருந்து கூட்டியும் குறைத்தும் வருபவை.

கேம் அப்படி இல்லை, பலவிதமான ஆட்கள் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று நான் நிதானமாக விளக்கினேன். அவரும் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, நாளை கீழே இருந்து ஓர் ஆளை அனுப்புவதாகச் சொல்லி எழுந்தார்.

"ஒருத்தருக்குச் சரியா உக்காந்துச்சுன்னா ஊருக்கே உக்காருமுங்க மேடம்."

அந்த ஒருத்தர்

வந்தவர் சாந்தாமணி. கட்டிங் பகுதியில், அடுக்கிய துணியை அசையாமல் பிடித்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். ஒருநாள் கத்தி துணியோடு சேர்த்து அவருடைய வலது கையிலும் இறங்கிவிட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போயின. மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்கிய வாக்கிலேயே இறுகிவிட்டன. நடுவிரல் மட்டும் சொன்னபடி கேட்கும். கேஸ் என்று எதற்கும் போக வேண்டாம் என நாச்சிமுத்து அவர் வீட்டுக்கே போய்ப் பேசியிருக்கிறார். "அந்தக் கேம் இருக்கற வரைக்கும் உனக்கு மேல வேலை இருக்குது கண்ணு" என்பது அவர் கொடுத்த வாக்கு. சாந்தாமணிக்குக் கணவர் இல்லை, மகள் பள்ளியில் படிக்கிறாள். அந்தக் கையைப் பார்த்த பிறகு வேறு எந்தக் கம்பெனியும் அவரை வாசலுக்குள் விடாது. ஆட்டத்தை ஆடிப் பார்க்கும் இந்த வேலைதான் அவருக்கு மிச்சமிருந்த ஒரே வேலை.

கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்தேன். இடது கட்டைவிரலால் குமிழைத் தள்ளினால் குட்டி நடக்கும். வலது கட்டைவிரலுக்கு இரண்டு பட்டன்: ஒன்று ஓடுவதற்கு, ஒன்று குதிப்பதற்கு. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மடியில் வைத்து முழங்காலால் அணைத்துக்கொண்டு, நடுவிரலைப் பட்டன் மேல் கொண்டுவந்தார்.

"அஞ்சு வெரலும் இருக்கறவீங்களுக்குச் செஞ்சதாட்ட இருக்குதுங்க்கா. இருக்கட்டும், பழகிக்கறேன்."

சாவுச் சத்தம்

சிறுவர் பக்கத்தில் ஒரு விதி வைத்திருந்தேன்: முதல் புதிரில் எந்தக் குழந்தையும் தோற்கக் கூடாது. அதையே இங்கும் பின்பற்றினேன். முதல் பள்ளம் ஆழமில்லாதது. விழுந்தால் ஏறி வந்துவிடலாம், விழுந்ததில் குதிக்கவும் கற்றுக்கொள்ளலாம். இரண்டாவது பள்ளம் பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் அடியில் தரை கிடையாது. சாந்தாமணி முதல் பள்ளத்தில் விழுந்து ஏறினார். இரண்டாவதில் விழுந்தார், குட்டி செத்தது.

சாகும்போது குட்டி கத்தும். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வாசலில் நின்று அந்தோணி பதிவு செய்துகொண்டு வந்த நிஜமான கத்தல் அது. அதில் அவனுக்கு நிறையப் பெருமை. சாந்தாமணி ஒவ்வொரு முறை விழும்போதும் அறை முழுக்க அந்தக் கத்தல் கேட்டது. மதியம்வரை பொறுத்திருந்துவிட்டு, அதை எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். சத்தம் இல்லாவிட்டால் செத்தது ஆடுகிறவருக்கு உறைக்காது என்று அந்தோணி வாதாடினான். சாந்தாமணி கையைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டார்.

"உறைக்கறதுக்குக் கத்தோணுமுங்களா? எனக்கு அன்னைக்குச் சத்தமே வரலீங்களே."

அன்று மாலையே அந்தோணி கத்தலை எடுத்துவிட்டான்.

"தப்புதாங்க்கா, இனிமே நான் கறிக்கடைப் பக்கமே போமாட்டேன்."

சலுகை

ஓடிக்கொண்டே குதிப்பதுதான் இந்த வகை ஆட்டத்தின் உயிர். கட்டைவிரல் நுனியால் ஓடும் பட்டனை அழுத்தியபடியே, விரலைச் சாய்த்து அடிப்பக்கத்தால் குதிக்கும் பட்டனையும் அமுக்க வேண்டும். சாந்தாமணி ஒற்றை நடுவிரலை ஒரு பட்டனிலிருந்து தூக்கி இன்னொன்றில் வைப்பதற்குள் குட்டி விளிம்பைத் தாண்டி விழுந்துவிடும். மாலைவரை விழுந்துகொண்டே இருந்தது.

இதற்கு ஒரு வழி உண்டு. இந்தத் தொழிலில் பலரும் ஆடுகிறவருக்குத் தெரியாமல் செய்வதுதான். விளிம்பைத் தாண்டி, குட்டியின் கால் காற்றில் போன பிறகும், கண் இமைக்கும் நேரத்துக்குள் பட்டனை அமுக்கினால் குதித்ததாகவே எடுத்துக்கொள்வது. நாங்கள் அதற்குச் சலுகை என்று பெயர் வைத்திருந்தோம். ஆடுகிறவர், தாம் சரியான நேரத்தில் அமுக்கியதாகவே நினைத்துக்கொள்வார். அப்படி நினைக்க விட வேண்டும், சொல்லிவிட்டால் ஜெயித்த ருசி போய்விடும். சாந்தாமணி விழ விழ அந்தோணி சலுகையைக் கூட்டிக்கொண்டே போனான். கடைசியில் குட்டி விளிம்பை விட்டு இறங்கி, வெறும் காற்றில் கொஞ்ச தூரம் நடந்துபோய், அப்புறம் சாவகாசமாகக் குதித்தது. திரையைப் பார்த்துவிட்டு அந்தோணி என் காதோடு சொன்னான்.

"இன்னும் கூட்டுனா இது ஆட்டுக்குட்டி இல்லக்கா, றெக்கை முளைச்ச சம்மனசு."

அப்ரூவல்

காற்றாலைக் கட்டம் எல்லாவற்றிலும் கடினமானது. சுற்றுகிற இறக்கை கீழே வரும்போது ஏறி, மேலே போகும்போது அடுத்த காற்றாலைக்குத் தாவ வேண்டும். சாந்தாமணி அதைத் தாண்டியது ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில். மேலே வந்திருந்த பீகார் டெய்லர்கள் இரண்டு பேர் கதவருகே நின்று கைதட்டினார்கள். அவர் அவர்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்த அறையில் அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சாயங்காலம் மகளிடம் சொல்ல வேண்டும் என்று, குட்டி உச்சியில் நிற்பதைப் போனில் படம் பிடித்துக்கொண்டார்.

நாச்சிமுத்துவும் வந்து பார்த்தார். அவருக்கு ஆட்டம் புரியவில்லை, ஆள் ஜெயித்தது புரிந்தது. அவர்கள் தொழிலில் சாம்பிள் சரியாக அமைந்துவிட்டால் அதில் ஓர் அட்டையைக் கட்டி ஒதுக்கி வைப்பார்கள். அதற்குப் பிறகு அதில் யாரும் கை வைக்கக் கூடாது. அவர் கீழே ஆள் அனுப்பி அந்த அட்டை ஒன்றை வரவழைத்தார். கையெழுத்துப் போட்டு, கன்ட்ரோலரின் கழுத்தில் நூலால் கட்டினார்.

"இனி இதுல ஒரு தையல்கூட மாத்தப்படாதுங்க."

பெங்களூரிலிருந்து

கேமை வாங்கி வெளியிடுவதாகச் சொன்ன பெங்களூர் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பேசுகிறவர், ஒருவர் ஆடுகிறவர். ஆடுகிறவர் சேலத்துக்காரராம், இளவயது. நாங்கள் வாங்கி வைத்திருந்த வடையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, கன்ட்ரோலரை மேஜையில் கிடத்தி இன்னொரு கையால் மட்டும் ஆடினார். குட்டி தென்னந்தோப்பைத் தாண்டியது, காற்றாலையைத் தாண்டியது. வடை தீர்வதற்குள் ஆட்டம் தீர்ந்துவிட்டது.

ஒரு முறைகூட விழவில்லை. பிறகு வேண்டுமென்றே விழப் பார்த்தார். விளிம்பைத் தாண்டி நடந்து, காற்றில் நின்று யோசித்து, அதன் பிறகு பட்டனை அமுக்கினார். குட்டி பத்திரமாக அந்தப் பக்கம் போய் இறங்கியது. சாந்தாமணி சுவரோரம் நின்றிருந்தார். யாருடைய கைக்காக அது அப்படி இருக்கிறது என்று வந்தவர்களுக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆடியவர் விரலைத் துடைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் கேட்டார்.

"இதுல சாகவே முடியலயே மேடம். சாகாத கேமை யாரு காசு குடுத்து ஆடுவாங்க?"

இரண்டு ஃபிட்

அவர்கள் போனதும் நாச்சிமுத்து சலுகையைக் குறைக்கச் சொன்னார். நான் ஒரு யோசனை சொன்னேன். ஆட்டம் தொடங்கும்போதே கேட்டுவிடலாம்: சலுகையோடு ஆடுகிறீர்களா, இல்லாமலா? வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும், சாந்தாமணி ஆடிப் பார்க்க ஒன்று எப்போதும் இருக்கும். ஒரு நாள் வேலைகூட இல்லை என்று அந்தோணியும் சொன்னான். நல்ல யோசனையை நல்ல முறையில் எடுத்துச் சொன்னால் எடுபடும் என்று நம்பி உட்கார்ந்த வாசகர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நாச்சிமுத்து கோபப்படவே இல்லை. என் அறியாமைக்காக வருத்தப்பட்டார்.

"ஒரே ஸ்டைலுக்கு ரெண்டு ஃபிட் வெச்சா ஆர்டர் குடுத்த பையருங்க கேன்சல் பண்ணிப் போடுவாங்க மேடம்."

கை சரியில்லாத வாரம்

சாந்தாமணிக்குச் சலுகை என்று ஒன்று இருந்ததும் தெரியாது, அது போனதும் தெரியாது. விளிம்பு வரும்போது அவர் பார்வை திரையில் இருக்காது, விரலில் இருக்கும்; பெங்களூர்க்காரர் காற்றில் நின்றதை அவருடைய கைத்திறமை என்று எடுத்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை வந்து வழக்கம்போலக் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டார். காற்றாலையின் முதல் தாவலிலேயே குட்டி விழுந்தது. மறுபடி விழுந்தது. செவ்வாயும் புதனும் அதேதான். நடுவிரலைத் தண்ணீரில் நனைத்தார், தைலம் தேய்த்தார், ஊதினார். சாப்பாட்டு நேரத்திலும் எழுந்திருக்கவில்லை. கதவருகே வந்து பார்த்த டெய்லர்கள் சத்தமில்லாமல் கீழே இறங்கிப் போனார்கள். அந்தோணி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நான் அருகில் போய், கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"இல்லீங்க்கா, இந்த வாரம் கை சரியில்ல. நாளைக்கு ஏறிருவேன், மொதலாளிகிட்டச் சொல்லிப் போடாதீங்."

மேல்மாடி காலி

யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாச்சிமுத்துவே வந்து பின்னால் நின்று, குட்டி விழுவதைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை; குரலைத் தாழ்த்தி, தகப்பன் மாதிரிதான் பேசினார். "உனக்காவத்தான் கண்ணு இத்தன நாளா லூசா வெச்சிருந்தாங்க. இப்ப டைட் பண்ணியாச்சு. இனி ஆடிப் பாக்கறதுக்குப் பெங்களூர்லயே ஆள் வெச்சிக்கறாங்களாம். நீ செக்கிங்ல உக்காந்துக்க." செக்கிங்கில், தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்தரியால் வெட்ட வேண்டும். கத்தரியைப் பிடிக்கக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வேண்டும். சாந்தாமணி கீழே போனார். இடது கையால் வெட்டப் பார்த்து, நூலுக்குப் பதில் துணியை வெட்டிவிட்டார். மதியத்துக்கு மேல் சூப்பர்வைசர், வேலை இருந்தால் கூப்பிட்டு அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டார்.

டிபன் பாக்ஸை எடுக்க மேலே வந்தார். இரண்டு மூன்று ஆறுதல் வார்த்தைகளை நான் யோசித்து வைத்திருந்தேன். அவர் அழவில்லை. போனைத் திறந்து, குட்டி காற்றாலை உச்சியில் நிற்கிற படத்தை என் பக்கம் திருப்பினார்.

"என்ர புள்ள இதைய எல்லார்த்துகிட்டயும் காட்டீருக்கறாளுங்க்கா. அன்னைக்கு நான் நெசமாலுமே செயிச்சனுங்களா, இல்ல நீங்க உட்டுக் குடுத்தீங்களா?"

சிறுவர் பக்கமாக இருந்தால் இப்படிப்பட்ட கேள்விக்கு விடையைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் தலைகீழாக அச்சடித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். கேம் தொழிலில் கேட்டவர் எதிரிலேயே நிற்கிறார்.