பண்ணைக் காளையும் பஸ் டிரைவரும்

மத்திகிரி கூட்ரோட்டில் என் லாரியும் அவர் ஓட்டிவந்த பஸ்ஸும் மோதிக்கொண்டபோதுதான் அவரை முதன்முதலில் பார்த்தேன். ஆறடி உயரம், வெற்றிலைக் காவி ஏறிய மீசை. யாரோடு பேசினாலும் அவர்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார்.

தப்பு யார் மேல் என்று தீர்க்காமல் நகர மாட்டோம் என்று பயணிகள் கூடி நின்றார்கள். அவர் ஒருவரிடம் கன்னடத்தில் பேசினார், அடுத்தவரிடம் தெலுங்கில் பேசினார். நான் தஞ்சாவூர்க்காரன், தமிழ் மட்டும்தான் தெரியும். ஒரு வருஷமாக அதே ரோட்டில் ஓட்டியும் என்னை அங்கே பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. அவரையோ எல்லோரும் "அண்ணா" என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

"அந்தாளு சொல்றத நம்பாதீங்க. நான் ஆரன் அடிச்சுக்கிட்டுத்தான் வந்தேன்" என்று கத்தினேன்.

பக்கத்திலிருந்த விவசாயி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அவரும் அதத்தான்ப்பா சொல்றாரு. மாட்டுப் பண்ணையில புதுசா வந்த காளையப் பாத்துக்கிட்டே வந்துட்டாராம். தப்பு தன் மேலதான்னுட்டாரு."

ஜெயித்தது நான்தான். ஆனால் கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு காளையின் திமிலைப் பற்றி விசாரித்தது. பிறகு மொத்தமாகப் போய் அவர் பஸ்ஸைத் தள்ளிக் கொடுத்தது. நசுங்கிய மட்கார்டை நான் தனியாக நிமிர்த்திக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது அவர் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "ஏம்ப்பா, நீயும் அந்த வழியாத்தான வந்த. அந்தக் காளைய நீ பாக்கலியா?"

நான் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். அதைச் சொல்ல ஏனோ வெட்கமாக இருந்தது.