பொங்கக் கூடாத பால்

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் என் பேத்தி காப்பிக் கடை திறந்த அன்று, பால் நல்லபடியாகப் பொங்க வேண்டுமே என்று விடிந்ததிலிருந்தே எனக்கு ஒரே கவலை. முன்னே டவுனில் அவள் ஒரு கடை போட்டபோது, திறப்பன்றைக்குக் காய்ச்சிய பால் பொங்காமல் திரிந்துபோனது. அந்தக் கடை நிலைக்கவில்லை. இதுவும் போனால் வேலை தேடிப் பெங்களூருக்கே போய்விடுவேன் என்று சொல்லியிருந்தாள். எனக்கென்று வீட்டில் இருப்பது அவள் ஒருத்திதான்.

இந்தக் கடையிலோ அடுப்பே கிடையாது. பெரிய டிரங்குப் பெட்டி மாதிரி ஒரு மிஷின். அது புஸ்ஸென்று ஆவி விட்டதும் நான் வாசலுக்கு வந்துவிட்டேன். எங்கள் வீட்டுக் குக்கர் வெடித்து, மூடி கூரையைப் பிய்த்துக்கொண்டு போனதைப் பார்த்தவள் நான். மழை வந்தால் இன்றைக்கும் அந்த இடத்தில் குண்டான் வைக்கிறோம். அது கிடக்கட்டும்.

அவள் போடுவது கப்புச்சினோவாம். இத்தாலி நாட்டுக் காப்பி. அங்கே ஒரு வகைச் சாமியார்கள் போடுகிற பழுப்பு அங்கியின் நிறத்தில் இருப்பதால் அந்தப் பெயராம். அதைக் கேட்டதும் கொஞ்சம் தெம்பு வந்தது. காவிக்காரர்கள் ஓயாமல் நடக்கிற பாதையில் இது விலை போகாமலா இருக்கும்?

கொட்டையை அரைத்து, அமுக்கி, மிஷினில் மாட்டினாள். சுடுதண்ணீர் அதற்குள் முட்டிக்கொண்டு இறங்க, துளியூண்டு டிகாஷன் கெட்டியாக வந்தது.

"பால் பொங்கட்டும்டி, கற்பூரம் ஏத்திடலாம்" என்றேன்.

"ஆயா, இதுல பால் பொங்கவே கூடாது. பொங்குனா ருசி கெட்டுடும்."

திறப்பன்றைக்குப் பொங்காத பாலா என்று கற்பூரமும் கையுமாக நின்றேன். பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, பால் குவளையை என் கையிலேயே கொடுத்தாள். கை பொறுக்காத சூடு வந்ததும் சொல்லச் சொல்லி, ஆவிக் குழாயைப் பாலுக்குள் விட்டுத் திறந்தாள். அது கீச்சென்று கத்தியது. நான் கண்ணை இறுக மூடி அண்ணாமலையானைக் கூப்பிட்டேன். சோற்றுப் பானையை வெறுங்கையால் இறக்கிப் பழகிய கை. எனக்குச் சூடே உறைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ கூப்பிட, அவளும் திரும்பிவிட்டாள்.

நுரை குவளையைத் தாண்டி வழிந்து மிஷின் மேலெல்லாம் ஓடியது. பேத்தி பாய்ந்து குழாயை மூடினாள், சுவிட்சை அணைத்தாள். கடையே கப்சிப். மிஷினைக் கொன்றுவிட்டேன், பிள்ளை ஊரைவிட்டுப் போகப் போகிறாள் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் மிஷினைத் துடைத்தாள். மறுபடி சுவிட்சைப் போட்டுக் குழாயைத் திறந்தாள். புஸ்ஸென்றது. அப்போதுதான் எனக்கும் மூச்சு வந்தது.

"பொங்கிடுச்சு இல்ல? போ, உன் கற்பூரத்த ஏத்து" என்றாள்.

அந்தப் பாலைக் கொட்ட நான் விடவில்லை. டிகாஷனில் ஊற்றி, சர்க்கரை ஜாஸ்தியாகப் போட்டு நானே குடித்தேன். கை சுடவில்லை என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், வேண்டுமென்றே பொங்கவிட்டேன் என்றுதான் அவள் சொல்கிறாள். பெங்களூர்ப் பேச்சையும் எடுப்பதில்லை. குவளையை மட்டும் என்னிடம் தருவதில்லை. நானும் கேட்பதில்லை, மிஷின் கத்த ஆரம்பித்தால் வாசலுக்கு வந்துவிடுகிறேன்.