வாளித் தண்ணீரில் மாயை

கொச்சி மட்டாஞ்சேரியில் மாயையை நேரில் பார்த்து, அதன் எதிரே உட்கார்ந்து சாயாவும் குடித்தவள் நான் ஒருத்திதான். சாயா குடித்தேன் என்பது கொஞ்சம் கூடுதல். பார்த்தது உண்மை. அது ஒரு வாளித் தண்ணீரில் மிதந்தது. மிதக்கவிட்டவள் அழகம்மாள்.

அழகம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. சுள்ளிக்கல்லில் என் வீட்டுக்கு மூன்றாவது வீடு. அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முனிசிபாலிட்டியில் துப்புரவு வேலைக்கு வந்தவர். இவள் பத்தொன்பது வயதில் பஜாரில் ஒரு மிளகுக் கிடங்கில் முறத்தோடு உட்கார்ந்தவள், இன்றைக்கு வரை எழுந்திருக்கவில்லை. கல்லும் காம்பும் பதரும் போகப் புடைப்பது அவள் வேலை. பப்பாளி விதையைக் காயவைத்து மிளகில் கலப்பது இந்தத் தொழிலில் பழைய திருட்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், அதே கறுப்பு, அதே சுருக்கம். சந்தேகம் வந்தால் ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் போடுவாள். நல்ல மிளகு அடியில் போய் உட்காரும், பப்பாளி விதை மேலே நின்று பல்லிளிக்கும். மூட்டையை முகர்ந்தே அது எந்த மலையில் விளைந்தது என்று சொல்வாள், அந்தக் கொடி எந்த மரத்தில் ஏறியது என்றும் சொல்வாள். மரம் நான் சேர்த்தது. பெண் பார்க்க வந்த செல்லதுரையையும் தண்ணீரில் போட்டுப் பார்த்துத்தான் கட்டியிருப்பாள். ஆள் பெரியவர், வாளி சிறியது.

அந்தக் கிடங்கின் மேனேஜர் விஸ்வேஸ்வரன் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடியில் வேதாந்த வகுப்பு எடுப்பார். முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவள், பேரன் பேத்தி எடுத்தவள், ஆனாலும் நோட்டுப் புத்தகத்தோடு முதல் வரிசையில் நான்தான். அழகம்மாள் பாய் விரிக்க வருவாள், விரித்த பாயின் ஓரத்தில் தானும் உட்கார்ந்துவிடுவாள். உள்ளதன்மேல் இல்லாததை ஏற்றிப் பார்ப்பதே மாயை, அறிவு வந்தால் ஏற்றியது இறங்கிவிடும், பெயரும் உருவமும் பொய் என்றெல்லாம் அவர் சொல்வார். நான் எழுதிக்கொண்டேன். அவள் கேட்டுக்கொண்டாள். யாரிடம் தங்கியது என்று பிறகுதான் தெரிந்தது.

போன மழைக்காலம் முடிகிற சமயம், களமசேரியில் மசாலா அரைக்கும் ஒரு கம்பெனி, இந்தக் கிடங்கிலிருந்து போன மூட்டை ஒன்றைத் திருப்பி அனுப்பியது. உள்ளே பாதி பப்பாளி விதை. விஸ்வேஸ்வரன் ஒரு தாள் எழுதி அழகம்மாளிடம் நீட்டினார். புடைக்கும்போது என் கவனக்குறைவால் நேர்ந்தது, இப்படிக்கு. கையெழுத்துப் போட்டால் வேலை இருக்கும். போடாவிட்டால் திங்கட்கிழமை முதல் வர வேண்டாம். அந்த மூட்டை என் முறத்தைத் தொட்டதே இல்லை என்றாள் அவள். ஒரு தரகரிடம் வாங்கி மாடி மூலையில் அடுக்கியிருந்த சரக்கை அவர் பிரித்தே பார்க்காமல் வண்டியேற்றியதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல் என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் தாளோடு என் வீட்டுக்கு வந்தாள். முப்பத்துமூன்று வருஷம் முறம் பிடித்தாயிற்று, இதில் கையெழுத்துப் போட்டால் இந்தப் பஜாரில் இனி ஒருவனும் என்னை நம்பி ஒரு பிடி மிளகு தரமாட்டான், என்ன செய்யட்டும் என்று கேட்டாள். நான் சாயா போட்டுக் கொடுத்து, நீ பெண்புலி, போய் எதிர்த்து நில் என்று உசுப்பேற்றி அனுப்பினேன்.

மறுநாள் வகுப்பில் இருபது பேர். இருநூறு என்று எழுத ஆசைதான், மாடி தாங்காது. வகுப்பு முடிந்ததும் விஸ்வேஸ்வரன் அவளை முன்னால் கூப்பிட்டார். கோபமே இல்லை, நெய் உருகுகிற குரல்.

"அழகம்மா, நீயும் எத்தனை நாளாக் கேட்கறே. பேரும் ரூபமும் பொய். அந்தப் பொய்ப் பேரை ஒரு தாள்ல எழுத ஏன் இந்தப் பிடிவாதம்?"

"பொய்தானே சாரே? அப்போ உங்க பேரையே எழுதிக்கோங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அரைகுறையாகக் கேட்டால் இப்படித்தான், மாயை என்னவென்றே உனக்குப் பிடிபடவில்லை என்றார் அவர். அழகம்மாள் கீழே இறங்கினாள். தண்ணீர் மேலே வந்தது என்னால். குழாயடியில் இரண்டு வாளியை நிரப்பி, கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு, இந்த முழங்காலோடு பதினெட்டுப் படி ஏறினேன்.

கீழே தான் புடைத்து வைத்த குவியலிலிருந்து கொண்டுவந்த ஒரு பிடியை அழகம்மாள் முதல் வாளியில் போட்டாள். அமிழ்ந்தது. நாலைந்து பதர் மட்டும் மேலே நின்றது. அப்புறம் மாடி மூலைக்குப் போய் ஒரு மூட்டையின் வாயைப் பிரிக்கப் போனாள். தொடாதே என்றார் மேனேஜர். தொட்டாள். அதிலிருந்து ஒரு பிடி இரண்டாவது வாளியில் விழுந்தது. பாதி, விழுந்த இடத்திலேயே மிதந்தது.

"மாயைன்னா இல்லாததுன்னு எல்லாரும் தலையாட்டுறீங்க. பப்பாளி வெதை இல்லாததா? இதோ இருக்கு, கையில எடுக்கலாம். மொளகுதான் இல்ல. இதை மொளகுன்னு பாத்தது உங்க கண்ணு சாரே, என் முறம் இல்ல."

மாயை சத்தும் இல்லை, அசத்தும் இல்லை, அதாவது உள்ளதும் அல்ல, இல்லாததும் அல்ல என்று மூன்று வருஷமாக நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். அடிக்கோடு மட்டும்தான் என்னுடையது என்று அன்றைக்குப் புரிந்தது.

விஸ்வேஸ்வரன் வியாவகாரிகம், பாரமார்த்திகம் என்று என்னவோ தொடங்கினார். அவள் இடுப்பில் செருகியிருந்த அந்தத் தாளை எடுத்து வாளியில் விட்டாள். அதுவும் மிதந்தது. வகுப்புக்கு வருகிற மிளகு வியாபாரி ஒருவர் எழுந்து, மூலையில் இருக்கிற மிச்ச மூட்டைகளையும் பிரியுங்கள் என்றார். பிரித்தார்கள்.

அழகம்மாள் திங்கட்கிழமை வேலைக்குப் போனாள், வழக்கமான நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால். அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, அவள் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. இப்போது தரகர் சரக்கு எது வந்தாலும் முதலில் அவள் வாளிக்குத்தான் போகிறது. ஞாயிறு வகுப்பும் நடக்கிறது. விஸ்வேஸ்வரன் மட்டும் ஞானத்தை விட்டுவிட்டுப் பக்திக்கு மாறிவிட்டார்.

மலையாளப் பள்ளியில் படித்தவளாதலால் அழகம்மாளுக்குத் தமிழ் எழுத்து ஓடாது. இதையெல்லாம் நானே அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு கடைசி வரை கேட்டாள்.

"நல்லா இருக்கு டீச்சரே. ஆனா வாளி ரெண்டையும் தூக்குனது நான். நீங்க பாயை விட்டு எந்திரிக்கவே இல்ல. சனிக்கிழமை புலின்னும் சொல்லல. எல்லாம் மாயைதானேடி, பேசாமக் கையெழுத்துப் போட்டுட்டு வேலையப் பாருன்னீங்க. சாயா மட்டும் நெசம்."