சீஸையும் சேர்த்து அனுப்பிய ஃபோட்டினி

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து மேற்குப் பக்கத்தில் ஃபோட்டினி கராஸ் என்றால் சில்லி, அதாவது ஸ்பகெட்டி மேல் ஊற்றும் கறிக்குழம்பு. கிரேக்கத்திலிருந்து வந்த அப்பா போட்ட கடை. அறுபதைத் தாண்டியும் அடுப்பை ஃபோட்டினி யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மாட்டுக் கொத்துக்கறியை வதக்காமல் தண்ணீரில் கரைத்து, பட்டையும் கிராம்பும் போட்டுக் கொதிக்க வைப்பார். ராத்திரி முழுக்கக் குளிரில் வைத்து, காலையில் மேலே உறைந்த கொழுப்பைத் தகடாக எடுத்து வீசுவார்.

அவருக்கு ஓர் ஆசை. தான் படித்த பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்கு டின் குழம்பு ஊற்றுகிறார்கள். அங்கே தன் சில்லி போக வேண்டும். பள்ளியின் உணவு ஆலோசகர் மார்லா லேப் சோதனைக்கு மாதிரி கேட்டார், ஃபோட்டினி அன்றே அனுப்பினார்.

சில நாளில் மார்லா கூப்பிட்டார்.

"மேடம், கொழுப்பு எக்கச்சக்கமா இருக்கு. பசங்களுக்குத் தர முடியாது."

"என் சில்லியிலயா? உங்க மெஷினைத் தட்டிப் பாருங்கம்மா!"

"நீங்க எதை அனுப்புனீங்க?"

"சில்லியத்தான். ஸ்பகெட்டி போட்டு, சில்லி ஊத்தி, மேல சீஸ் குவிச்சு. வேற எப்படி அனுப்புவாங்க?"

மார்லா சிரித்துவிட்டார். "நான் டெக்சஸ்காரி மேடம். எங்களுக்குச் சில்லின்னா குழம்பு மட்டும்தான். லேப்ல மொத்தத் தட்டையும் அரைச்சுட்டாங்க."

கல்லாவில் இருந்த தம்பி ஸ்ட்ராட்டோஸ் விடவில்லை. "நாலு பேர் சீஸை ஒரே தட்டுல கொட்டுனா? மாட்டிவிட்டது மெஷின் இல்லக்கா, உன் கை."

"வாயை மூடிட்டு வெங்காயத்தை நறுக்குடா."

அடுத்த முறை குழம்பு மட்டும் போனது. கொழுப்பு குறைவு, புரதம் தாராளம், உப்புதான் அதிகம். ஃபோட்டினி உப்பைப் பாதியாக்கி, வினிகரையும் பட்டையையும் கூட்டினார்.

தம்பி ருசி பார்த்தான். "சப்புன்னு இருக்குக்கா."

"சிகரெட்டை விடு, நாக்கு திரும்பி வரும்."

மறுபடி சோதித்தார்கள், தேறியது. ஒரே நிபந்தனை: ஒரு தட்டுக்கு ஒரு கரண்டி சீஸ். கடையில் அப்படி வைத்தால் தட்டு திரும்பி வரும். ஃபோட்டினி சீஸை நூல் நூலாகத் துருவினார். ஒரு கரண்டியே தட்டை மூடியது.

முதல் நாள் பரிமாற அவரே போனார். வரிசையில் நின்ற ஒரு சிறுமி தட்டையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"சீஸ் இவ்ளோதானா?"

"பள்ளிக்கூடத்துல இவ்ளோதான் கண்ணு. பத்தலைன்னா அம்மாவைக் கூட்டிட்டுக் கடைக்கு வா."

சிறுமி நின்ற இடத்திலேயே ஒரு வாய் தின்றாள். பிறகு அடுத்த வாயை அள்ளிக்கொண்டே நகர்ந்தாள். ஃபோட்டினி அடுத்த தட்டை இழுத்தார்.